என்னைத் தவிர யார்கிட்டயும் போகாதீங்க

மாதக் கடைசி ரிவ்யூ கால். எங்கள் வங்கிக் கிளையில் இருந்த ஆறு பேரும் மேனேஜர் அறையில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "அந்த ஜவ்வரிசி ஆலை கரன்ட் அக்கவுன்ட் யார் கொண்டு வந்தது?" என்று கிளஸ்டர் ஹெட், அதாவது பல கிளைகளுக்கு மேலதிகாரி, ஸ்பீக்கரில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து, கூட வேலை பார்க்கும் அக்கா சொல்லிவிட்டார்: "நான்தான் சார்."

"வெரி குட்" என்றது போன். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்த ஆலைக்கு நான் ஐந்து தடவை போயிருந்தேன். வாழப்பாடி தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். சிமென்ட் களம் முழுக்க ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருக்கும், வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு புளித்த வாடை துப்பட்டாவில் ஏறினால் இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. முதல் தடவை போனபோது ஆலைக்காரர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது தடவை மோர் கொடுத்தார். ஐந்தாவது தடவை, "சேகோசர்வ் டெண்டர்ல இந்தச் சரக்கு போகட்டும் பாப்பா, அப்புறம் உங்க பேங்க்லயே கணக்கு ஆரம்பிச்சுக்கலாம்" என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சேகோசர்வ் என்பது சேலத்தில் 1981ல் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம். இங்கே நிறைய ஆலைக்காரர்கள் சரக்கை அங்கே கொண்டுபோய் வைத்து டெண்டரில் விற்பார்கள். அது முடியும்வரை அவர்களிடம் வேறு பேச்சு எடுபடாது. எனவே காத்திருந்தேன். அவர் கிளைக்கு வந்த அன்று நான் தங்கையின் வளைகாப்புக்கு லீவில் இருந்தேன். அக்கா ஃபார்ம் நிரப்பி, கையெழுத்து வாங்கி, கணக்கைத் திறந்துவிட்டார்.

அன்று முழுக்க நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மதியம் சாப்பிடும்போது வழக்கம்போல மாங்காய்த் தொக்கை என் பக்கம் நகர்த்தினார். வேண்டாம் என்றேன். "ஏன்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். தலைவலி என்று சொன்னேன்.

இந்த 'அக்கா' என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் ஊர் அலுவலகங்களில் ஒரு வயது மூத்திருந்தால் போதும், அக்காதான், அண்ணன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் ஒரு கணக்குக் கேட்க வேண்டிய இடம் வந்தபோது அந்தச் சொல் தொண்டையில் நின்றது. வெறும் பக்கத்து மேஜைக்காரர் என்றால், "என் வேலையை உங்க பேர்ல சொன்னீங்களே, ஏன்?" என்று கேட்டிருப்பேன். அக்காவிடம் எப்படிக் கேட்பது? கேட்காமல் விட்டதில் அது வேலைத் தகராறாக நிற்காமல் வீட்டுக்குள் நடந்த துரோகம் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி படுத்தால் மறுபடி மறுபடி அந்த "நான்தான் சார்" காதில் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தினமும் ராத்திரி ஏழரைக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வரும். காசா (நடப்பு, சேமிப்புக் கணக்குகள்), எஃப்டி (நிரந்தர வைப்பு), நகைக்கடன், இன்சூரன்ஸ் என்று கட்டம் கட்டமாக, ஆறு பேருடைய பெயரும் வரிசைப்படி. மேலே மூன்று பேர் பச்சை, கீழே மூன்று பேர் சிவப்பு. எல்லோரும் டார்கெட்டைத் தாண்டிய மாதத்திலும் மூன்று பேர் சிவப்பில்தான் இருந்தார்கள். இதைக் கவனிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் எவ்வளவு செய்தேன் என்று அந்தப் பட்டியல் சொல்வதே இல்லை. யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று மட்டும் சொல்லும்.

1954ல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர்கள் தங்கள் திறமையை அளக்க வேறு அளவுகோல் கிடைக்காதபோது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள், அதிலும் தங்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருப்பவர்களோடுதான் ஒப்பிடுவார்கள் என்று எழுதினார். அதைப் படித்தபோது எங்கள் ஆறு மேஜைகள்தான் நினைவுக்கு வந்தன. எங்கோ வேறு ஊர்க் கிளையில் மண்டலத்திலேயே முதலாவதாக ஒருவர் இருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு நாளும் பொறாமை வந்ததில்லை. இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த அக்காவின் டோக்கன் மணி அடித்தால் மட்டும் என் தலை தானாகத் திரும்பும்.

வருடக் கடைசியில் இதற்கு மேல் ஒரு படி: பெல் கர்வ். இத்தனை பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங், இத்தனை பேருக்குக் கட்டாயம் குறைந்த ரேட்டிங். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் ஊழியர்களை மேலே 20 சதவீதம், நடுவே 70, கீழே 10 என்று பிரித்து, கீழே இருப்பவர்களை வெளியே அனுப்பும் வழக்கம் பெயர் பெற்றது. உலகம் முழுக்க அந்த மாதிரி முறைகள் பரவின. மைக்ரோசாஃப்ட் இதே மாதிரியான தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. ஒரு டீமில் யாராவது ஒருவர் கட்டாயம் கீழே போயாக வேண்டும் என்றால், பக்கத்தில் இருப்பவருக்கு உதவுவது சொந்தக் காசைக் கொடுப்பது மாதிரி ஆகிவிடும். பல்லாயிரம் பேர் உள்ள கம்பெனிக்கே சரிப்படாததை ஆறு பேர் இருக்கும் கிளையில் வைத்தால் என்ன ஆகும்? எங்களுக்கு ஒரே ஒரு உயர்ந்த ரேட்டிங்தான். அது எனக்கா அக்காவுக்கா என்பதுதான் அந்த வருடம் பேச்சு.

இதைப் புரிந்துகொண்டதில் கோபம் பாதி குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. பட்டியல் போட்டது யாராக இருந்தாலும் "நான்தான் சார்" என்று சொன்னது அக்காதான் இல்லையா?

அதற்குப் பிறகு நான் செய்தவை எதுவும் நல்லதில்லை. முதலில், டீக்கடையில் மற்ற இரண்டு பேரிடம் சொன்னேன். அவர்கள் "ஆமா ஆமா, அவங்க அப்படித்தான்" என்றார்கள். மனசு லேசானது. மறுநாள் மறுபடி சொல்லத் தோன்றியது. பத்து நாளில் நாங்கள் மூன்று பேர் ஒரு கட்சி. பேசப்படுகிறவரின் காதுக்கு அது போகாமல் இருக்குமா? போனது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை, தொக்கு மட்டும் வருவது நின்றது.

அடுத்து, மறைக்க ஆரம்பித்தேன். என்னைத் தேடி வரும் கஸ்டமர் பற்றி யாரிடமும் வாய் திறப்பதில்லை. என் மேஜையில் காகிதத்தைக் கவிழ்த்து வைப்பேன். சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரிதான் கஸ்டமரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுவேன்.

அப்போதுதான் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா வந்தார். தறிக்காரர் வீடு. அறுபது வயது இருக்கும். பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும், நகையை வைத்துப் பணம் வாங்க வேண்டும். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. வந்தது செவ்வாய்க்கிழமை, நகை கையில் இல்லை, விசாரிக்க வந்திருந்தார். நகை மதிப்பில் அப்போது 75 சதவீதம் வரைதான் கடன் தர முடியும். கல் எடை போகக் கணக்குப் போட்டு, "ரெண்டு வளையலும் கொடியும் கொண்டு வந்தா சரியா இருக்கும்மா, ஆதார் மறக்காதீங்க, வெள்ளிக்கிழமை காலைல வாங்க" என்று சொன்னேன். எழுந்து போனவரைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னேன்.

"என்னைத்தான் பாக்கணும். என்னைத் தவிர யார்கிட்டயும் போகாதீங்க."

"சரி பாப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மேனேஜர் சார் என்னை எடப்பாடிப் பக்கம் ஒரு டாக்குமென்ட் சரிபார்க்க அனுப்பிவிட்டார். கிளம்பும் அவசரத்தில் அந்த அம்மா வருவார் என்பது நினைவில் இருந்தது. யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்றும் தோன்றியது. கிளையில் அப்போது இருந்தது அக்கா. சொல்லவில்லை. மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் திரும்பி வந்தபோது நாலரை மணி. ஸ்டீல் நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப் பை. இரண்டு கையையும் அதன் மேல் வைத்திருந்தார். காலை பத்து மணிக்கு வந்தாராம். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை, நகை இருக்கிறதே. நகையை மதிப்பிடும் அப்ரைசர் மூன்று மணிக்கே உரைகல்லையும் தராசையும் எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா இரண்டு தடவை அவரிடம் போய், "என்ன வேணும்மா, நான் பண்ணித் தர்றேன்" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சாமி, அந்தப் பாப்பா வரட்டும், அது வேற யார்கிட்டயும் போகக் கூடாதுன்னு சொல்லிருக்கு" என்று சொல்லிவிட்டாராம்.

அதை அக்கா என்னிடம் சொன்னார். குரலில் குத்தல் எதுவும் இல்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை முதல் ஆளாகக் கடனைப் போட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை பீஸ் கட்டினார்கள். பின்னால் ஒரு நாள் வந்தபோது, "ஐநூறு ரூபா ஃபைன் போட்டுட்டாங்க பாப்பா, பரவால்ல விடு" என்றார். தறி வீட்டில் ஐநூறு ரூபாய் எவ்வளவு பெரிய காசு என்று எனக்குத் தெரியும். அக்கா என்னிடமிருந்து எடுத்தது ஒரு பட்டியலில் ஒரு எண். நான் எடுத்தது அந்த அம்மாவின் ஒரு முழு நாளையும் ஐநூறு ரூபாயையும். போட்டி போடும் சக ஊழியரைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோரும் பாதிக்கப்பட்டவர் இடத்திலிருந்தே பேசுகிறோம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன், அந்த மஞ்சப் பையைப் பார்க்கும் வரை.

என் அப்பா கொலுசுப் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். சேலத்துக் கொலுசு ஒரே ஆள் செய்வதில்லை. உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், பற்ற வைப்பது ஒருவர், மெருகு போடுவது ஒருவர் என்று கை மாறி மாறித்தான் வரும். காலையில் வெள்ளியை எடை போட்டு வாங்க வேண்டும், சாயங்காலம் எடை போட்டுத் திருப்ப வேண்டும், சேதாரம் எவ்வளவு என்று கணக்கு வேண்டும். முதலாளி தன் நோட்டில் எழுதுவார். அப்பா தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவார். சட்டைப் பையில் வைத்து வைத்து அது வேர்வையில் வளைந்திருக்கும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "அவரை நம்பலையாப்பா?" என்று கேட்டேன். "நம்புறேன். அதனாலதான் எழுதுறேன். எழுதி வச்சா சண்டை வராது" என்றார்.

அந்த வாரம் எனக்கு அது நினைவுக்கு வந்தது.

அக்காவிடம் பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கே பேசுவது என்பதில் ரொம்ப யோசித்தேன். கிளைக்குள் பேசினால் நான்கு காது கேட்கும். போனில் பேசினால் முகம் தெரியாது. சாயங்காலம் கணக்கு முடித்துவிட்டு, "அக்கா, ஒரு செட் சாப்பிடலாமா?" என்றேன். என்னை ஒரு நிமிடம் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு வந்தார். சேலத்தில் செட் என்றால் தட்டுவடை செட். வண்டிக்காரர் தட்டுவடை மேல் பச்சைச் சட்னி ஒரு தடவல், சிவப்புச் சட்னி ஒரு தடவல், துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பார். பேசுபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பேசலாம். கஷ்டமான பேச்சுக்கு அது நல்ல இடம்.

முதலில் என் தப்பைச் சொன்னேன். டீக்கடையில் பேசியது, மறைத்தது, அந்த அம்மா விஷயம். அப்புறம் சொன்னேன்: "அக்கா, ஜவ்வரிசி ஆலைக்கு அஞ்சு தடவை நான் போனேன். நீங்க உங்க பேர்ல சொன்னது எனக்கு ரொம்ப வருத்தம். இனிமே அப்படிச் சொல்லாதீங்க." முன்னாடியே எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்த வாக்கியங்கள்தான். 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்பதை மட்டும் எழுதியதிலிருந்து அடித்திருந்தேன். எப்பவுமே என்று ஆரம்பித்தால் ஆலைக் கணக்கு மறைந்துபோய் அக்காவின் குணம் விவாதமாகிவிடும்.

அவர் உடனே மன்னிப்புக் கேட்கவில்லை. "கணக்கைத் திறந்தது நான்தானே? அன்னைக்கு அவரை உக்கார வச்சு, ரெண்டு மணி நேரம் கேஒய்சி பிரச்சினையைத் தீர்த்தது யாரு?" என்றார். அதுவரை எனக்கு அந்த இரண்டு மணி நேரம் தெரியாது. ஆதாரில் ஒரு பெயர், பான் கார்டில் ஒரு பெயராம். அலைந்து தீர்த்து வைத்திருக்கிறார். "போன வருஷம் எனக்குக் கீழ் ரேட்டிங் போட்டாங்கம்மா. இந்த வருஷமும் போட்டா என்ன பண்றதுன்னு தெரியல" என்றும் சொன்னார். நான் செய்ததும் நிஜம், அவர் செய்ததும் நிஜம். பட்டியலில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

இரண்டு பேருமாக மேனேஜர் சாரிடம் போனோம். ஒரு நீளமான நோட்டு போட்டோம். கஸ்டமர் பெயர், முதலில் பார்த்தது யார், எப்போது, அடுத்து என்ன செய்ய வேண்டும், முடித்தது யார். இரண்டு பேர் கை பட்டிருந்தால் பாதிப் பாதி. அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை, ஆனால் ரிவ்யூ காலுக்கு முன் அதைப் பார்த்துப் படித்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். நான் கூடுதலாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வெளியே போய் வந்த அன்று சாயங்காலமே அவருக்கு இரண்டு வரி மெயில்: இன்னாரைப் பார்த்தேன், இப்படிச் சொன்னார், அடுத்த வாரம் மறுபடி போகிறேன். அப்பாவின் நாற்பது பக்க நோட்டு மாதிரிதான் இதுவும்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் ஆகவில்லை. மார்ச் மாதம் வந்தால் அக்கா நோட்டில் எழுத மறப்பார். நான் போய், "அக்கா, இது விட்டுப்போச்சு" என்பேன். சில தடவை சிரித்துக்கொண்டே எழுதுவார், சில தடவை முகம் கடுக்கும். கடுத்தாலும் எழுதுவார். மாற்றம் என்றால் அவ்வளவுதான் கிடைத்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அவரிடமிருந்து ஒரு நல்ல விஷயத்தையும் கற்றுக்கொண்டேன். பகையாக நினைத்த காலத்தில் அது கண்ணில் பட்டதே இல்லை. எஃப்டி முதிரும் தேதிக்குப் பத்து நாள் முன்பே கஸ்டமரைக் கூப்பிட்டுவிடுவார். கூப்பிட்டதும் டெபாசிட் பற்றிப் பேச மாட்டார். மகன் பரீட்சை எப்படி எழுதினான், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அதெல்லாம் நோட்டில் எழுதியது இல்லை, மனதில் வைத்திருப்பது. அவர் பச்சையில் இருந்ததற்குப் பாதிக் காரணம் அது. அப்படி நம்மைவிட நன்றாக உழைப்பவர் முன்னே போனால் அதைத் தொல்லை என்று சொல்லக் கூடாது, பார்த்துப் பழக வேண்டும். நம் வேலையைத் தன் பேரில் சொன்னால் அன்றைக்கே, தனியாக, நேராகக் கேட்டுவிட வேண்டும். நான் விட்டுவைத்த அந்தச் சில வாரங்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. வங்கியில் மூன்றாவது ஒன்று உண்டு: அடுத்தவர் ஐடியில் நுழைவது, அடுத்தவர் பாஸ்வேர்டில் வேலை முடிப்பது. அதற்குத் தட்டுவடை செட் கிடையாது. அக்காவாக இருந்தாலும் அண்ணனாக இருந்தாலும் எழுத்தில் மேலே தெரிவித்துவிட வேண்டும். நாளை விசாரணை வந்தால் நம் ஐடிக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த வருட உயர்ந்த ரேட்டிங் அக்காவுக்குப் போனது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாவது நாள் மதியம் மாங்காய்த் தொக்கு டப்பா என் பக்கம் நகர்ந்து வந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அம்மாப்பேட்டை அம்மா அடுத்த ஜூனில் மறுபடி வந்தார், பேத்தியின் இரண்டாம் வருட பீஸுக்கு. முன்பே போனில் அவரிடம் சொல்லியிருந்தேன்: "நான் இல்லேன்னா, இல்ல நான் வேலையா இருந்தா, அந்த மேஜையில இருக்கிற அக்காவைப் பாருங்கம்மா. உங்க விவரமெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்." அன்று என் முன்னால் ஐந்து டோக்கன் காத்திருந்தது. மஞ்சப் பையோடு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேராக அக்காவின் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. நகைக்கடன் டார்கெட்டுக்கு அந்த மாதம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அந்தக் கடன் வந்திருந்தால் முடிந்திருக்கும். அக்கா நோட்டைப் புரட்டினார், அப்ரைசரைக் கூப்பிட்டார். நாற்பது நிமிடத்தில் அந்த அம்மா பணத்தை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாப்பா, முடிஞ்சிருச்சு, வர்றேன்" என்று வாசலிலிருந்து சத்தமாகச் சொன்னார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.